கிள்ளை: தண்ணீர் நடுவே ஒரு குடித்தனம்

எம்.ஜி.ஆர். திட்டு, சின்னவாய்க்கால், பில்லுமேடு. கடலூர்க் கரையில் உள்ள கிள்ளைக்குக் கிழக்கே உப்பங்கழிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவில் கிடக்கும் மணல்திட்டுகளில் மீனவக் குடும்பங்கள் குடியிருந்த ஊர்கள் இவை. ஒரு பக்கம் அலை, மறுபக்கம் பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டுக்குப் போகும் கழி. அரிசி வாங்கவும் ஆஸ்பத்திரிக்கு ஓடவும் படகுதான் வழி. வலையும் வீடும் ஒரே மணலில் கிடந்தன. கணவன் கரையேறும்போது மீனைப் பிரிக்க மனைவி அங்கேயே நின்றாள்.

2004 டிசம்பர் 26 காலையோடு அந்தக் குடித்தனம் முடிந்தது. தாழ்ந்த திட்டு, ஏறி நிற்க மேடு இல்லை. ஆழிப்பேரலை பல உயிர்களை அங்கேயே வாரிக்கொண்டது. மிஞ்சியவர்களைக் கிள்ளைப் பக்கம் கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். கட்டுமரங்கள் இருந்த இடத்தில் பைபர் படகுகள் வந்தன, கீற்றுக்குப் பதில் கான்கிரீட் வந்தது. இரவில் நிம்மதியாகத் தூங்கலாம் என்பது சிறிய லாபமல்ல. ஆனால் தொழில் ஓரிடம், வீடு ஓரிடம் என்றாகிவிட்டது.

இருளர் குடும்பங்களுக்கு இந்தப் பிரிவு இன்னும் கூர்மையானது. பிச்சாவரத்தைச் சுற்றி வாழும் அவர்கள் கழுத்தளவு நீரில் இறங்கி, கையால் தடவி இறால் பிடிப்பவர்கள். பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கணவனும் மனைவியுமாக மணிக்கணக்கில் சேற்றில் நகர்வார்கள். ஏறி உட்கார நிழல் இல்லை. கைக்குழந்தையைப் படுக்கவைக்கவும் ஒதுங்கவும் பெண்களுக்கு இடமில்லை. தொழில் நடக்கும் நீரிலேயே சூரிய மின்சாரத்தோடு ஒரு மிதக்கும் வீடு கட்டலாமே என்று யோசிக்கும்போது இவர்கள்தான் என் நினைவுக்கு முதலில் வருகிறார்கள். சுற்றுலாப் பயணி அடுத்துத்தான்.

ஆம்ஸ்டர்டாமில் ஸ்கூன்ஸ்கிப் என்ற மிதக்கும் குடியிருப்பில் 46 வீடுகள் சூரிய மின்சாரத்தோடு வாய்க்காலில் நிற்கின்றன. அழகான வேலை, ஆனால் நம் கைக்கு எட்டாத செலவு. நமக்கு நெருக்கமான சாட்சி கேரளத்தில் இருக்கிறது. 2017இல் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே ஓடத் தொடங்கிய ‘ஆதித்யா’ என்ற சூரியசக்திப் படகு 75 பேரை ஏற்றிக்கொண்டு வேம்பநாட்டுக் காயலைக் கடக்கிறது. திட்டில் குடியிருந்த காலத்தில் சூரியத் தகடு பணக்காரச் சரக்கு. 2010க்குப் பிந்தைய பத்தாண்டுகளில் அதன் விலை ஏறக்குறைய பத்தில் ஒன்றாக இறங்கிவிட்டது.

கிள்ளைக் கழி மிதக்கும் வீட்டுக்குத் தோதான நீர். ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். வழக்கமான நாளில் கடலலை வேகமாக உள்ளே வராது. 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்று முழுக்க மூழ்கினால் ஏறக்குறைய 190 கிலோவைத் தாங்கும். 24 டிரம்களைச் சட்டத்தில் கட்டி, பாதி மட்டுமே மூழ்கும்படி விட்டால், இரண்டேகால் டன் ஏற்றலாம். 20 அடிக்கு 12 அடி மேடை, மூங்கில் சுவர், தகரக் கூரை, ஐந்து பேர், அடுப்பு, வலை எல்லாம் அதற்குள் அடங்கும். கூரையில் ஒரு கிலோவாட் தகடு வைத்தால் நல்ல வெயிலில் நாளுக்கு நான்கு யூனிட் கிடைக்கும். இரண்டு பி.எல்.டி.சி. மின்விசிறி, நான்கு விளக்கு, கைப்பேசிகள், மீன் கெடாமல் வைக்க ஒரு சிறு குளிர்ப்பெட்டி, எல்லாம் சேர்ந்தும் அதில் பாதியைத்தான் தின்னும்.

குடிநீர்தான் பெரிய கேள்வி. கழியின் கலங்கல் நீர் சவ்வூடு வடிகட்டியைச் சீக்கிரம் அடைத்துவிடும். அதை நம்பக் கூடாது என்பது என் எண்ணம். ஐப்பசி, கார்த்திகை மழைதான் கடலூர்க் கரையின் செல்வம். 22 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 1100 லிட்டர். அவ்வளவு எடையை மேடை சுமக்க வேண்டியதில்லை. உப்புநீரைவிட நல்ல தண்ணீர் லேசானது. கெட்டியான ரப்பர் பையில் நிரப்பிப் பக்கத்திலேயே மிதக்கவிடலாம். கழிவறைக்கு மூடிய தொட்டி கட்டாயம். இறால் பிடிக்கும் நீரில் மலம் கலந்தால் எல்லாமே வீண்.

இந்த மேடை நிரந்தர வீடாக இருக்கக் கூடாது என்பதிலும் நான் உறுதியாக இருக்கிறேன். 2011 டிசம்பர் 30இல் ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரைகடந்ததை இந்தக் கரை மறக்கவில்லை. புயல் எச்சரிக்கை வந்ததும் மேடையைப் படகில் கட்டி இழுத்து, வெள்ளாற்றின் உட்பகுதியில் நங்கூரமிட வேண்டும்; மக்கள் கரைவீட்டுக்குத் திரும்ப வேண்டும். 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த பிச்சாவரம் காட்டுக்குள் ஒரு கயிறுகூடக் கட்டக் கூடாது. ஊரைக் காக்கும் அரண்களில் அந்தச் சுரபுன்னையும் ஒன்று.

2024இல் தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டம், கூரைச் சூரியத் தகட்டுக்கு இரண்டு கிலோவாட் வரை ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 30,000 ரூபாய் மானியம் தருகிறது. மின்கம்பியோடு இணைந்த வீட்டுக் கூரைக்குத்தான் அது. மிதக்கும் கூரைக்கு இல்லை. பக்கத்துப் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. அந்த மையமும் மீன்வளத் துறையும் சேர்ந்து முதலில் ஒரே ஒரு மேடையைக் கட்டி, கிள்ளையின் இருளர் பெண்களிடம் ஓராண்டு கொடுத்துப் பார்க்கட்டும். எது தேவை, எது வேண்டாம் என்பதை அவர்களே சொல்வார்கள்.