"மறந்துராத!" என்றால் மறக்கும்

எம்.ரெட்டியபட்டியிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறப்போகும் பையனிடம் அம்மா அடுக்குகிறார்: "துவரம்பருப்பு, மல்லி, சீரகம், வெல்லம், பூண்டு, கடுகு, பெருங்காயம், தீப்பெட்டி. எங்க, திருப்பிச் சொல்லு பாப்போம்!" முதல் இரண்டும் வந்துவிடும், கடைசியும் வந்துவிடும். நடுவில்தான் தடுமாற்றம்.

இதே பட்டியலை ஒவ்வொரு சொல்லாக எழுதிக் காட்டியிருந்தால்? தொடக்கத்திலும் நடுவிலும் பெரிய வித்தியாசம் இராது. கடைசி ஓரிரு சொற்களில் மட்டும் காது கண்ணை முந்திவிடும். உளவியல் சோதனைகளில் இது திரும்பத் திரும்பத் தென்பட்ட முடிவு. கேட்ட ஒலியின் சுவடு ஓரிரு விநாடி காதோடு தங்குகிறது என்று 1969-இல் ராபர்ட் குரௌடரும் ஜான் மார்ட்டனும் இதற்கு விளக்கம் தந்தார்கள். ஆனால் சத்தமே இல்லாத உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொண்டவர்களுக்கும் அந்தக் கடைசிச் சலுகை கிடைப்பது பின்னால் தெரியவந்தது. விவகாரம் காதோடு முடியவில்லை.

சுவையான சங்கதி இனிதான். பட்டியல் முடிந்ததும் 'பூஜ்யம்' என்று ஒரு வெற்றுச் சொல்லை ஆய்வாளர்கள் சேர்த்தார்கள். அதைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியும் வைத்தார்கள். அப்படியும் கடைசிச் சொல்லுக்கு இருந்த சலுகை பெருமளவு போய்விட்டது. அந்த இடத்தில் மின்மணி ஒலித்தால் பாதிப்பில்லை. மனிதக் குரல்தான் கெடுக்கிறது. ஆக, தீப்பெட்டிக்குப் பிறகு அம்மா அக்கறையோடு சேர்க்கும் "மறந்துராத!" மறதிக்கே வழிசெய்கிறது.

கண்ணும் தனியே வேலை பார்ப்பதில்லை. ஆங்கில எழுத்துகளைக் காட்டி, நினைவிலிருந்து எழுதச் சொன்னார் ரூபன் கான்ராட் (1964). 'பி'க்குப் பதில் 'வி' என்பதுபோல, ஓசையில் ஒத்த எழுத்துகளையே மாற்றி எழுதினார்கள். பார்த்ததையும் மனசு சத்தமில்லாமல் உச்சரித்துத்தான் வைத்துக்கொள்கிறது.

ஒரே நேரத்தில் பலவற்றை நினைவில் நிறுத்திக் காட்டும் நம் அவதானிகளைக் கேட்டால் இதற்கு வியக்கமாட்டார்கள். 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா நகர மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்தினார் நாஞ்சில் நாட்டுச் செய்குத்தம்பிப் பாவலர். கேள்விகளும் ஈற்றடிகளும் வாய்மொழியாக வர, மணியோசையைக் காதாலும் முதுகில் விழும் கல்லை உடம்பாலும் எண்ணிக்கொண்டே பதில் சொல்லும் கலை அது. நம்மைப் போன்றவர்களுக்கு ஒரே சமயத்தில் நினைவில் நிற்பவை ஏழு, கூடக்குறைய இரண்டு என்று 1956-இல் அளவு சொன்னார் ஜார்ஜ் மில்லர்.

கைபேசி எண்ணிலோ பத்து இலக்கம். சொல்கிறவர் கடைசி இலக்கத்தோடு வாயை மூடிக்கொள்வதே கேட்கிறவருக்குச் செய்யும் உதவி.