சிவன்மலைக்கு மத்தியானத்தில் போகவேண்டும்

சிவன்மலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் காலை வெயில் ஏறுமுன் போய்விடுவார்கள். இல்லையென்றால் தைப்பூசத் தேருக்குப் போவார்கள். தேர் மலையைச் சுற்றி நிலை சேர மூன்று நாளாகும். அந்த நாட்களில் மலையைத் தவிர மற்றதையெல்லாம் பார்த்துவிட்டு வரலாம், கூட்டம் அப்படி.

நான் சொல்வது வேறு. ஒரு பங்குனி மாதத்து மத்தியானம், மூன்று மணிவாக்கில், அடிவாரத்தில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏறுங்கள். பக்கத்திலிருக்கும் காங்கேயம் எதை வைத்துப் பிழைக்கிறது என்பது முதலில் உள்ளங்காலுக்குத் தெரியும், பிறகு கண்ணுக்கு.

கூட வந்த நண்பன் தேங்காய் காயவைக்கும் களம் வைத்திருப்பவன். "மத்தியானத்துல மலையேறறவன் ரெண்டே பேருதான் மாப்ள. நேர்த்திக்கடன் இருக்கறவன், பொழப்பில்லாதவன். நாம எதுல சேத்தி?" என்றபடியே வந்தான். படிகள் 496 என்பார்கள். நாங்கள் எண்ணவில்லை, நிழல் கண்ட இடத்திலிருந்து அடுத்த நிழலுக்கு ஓடுகிறவனுக்குப் படிக்கணக்கு நிற்காது. வண்டிகள் மேலே போகத் தனியாகத் தார்ச்சாலை இருக்கிறது. அதை நண்பன் நாலைந்து முறை நினைவூட்டினான்.

மேலே சுப்பிரமணிய சுவாமி சன்னிதிக்கு முன்னே கல்தூணில் ஒரு கண்ணாடிப் பெட்டி. ஆண்டவன் உத்தரவுப் பெட்டி என்பது அதன் பெயர். யாராவது ஒரு பக்தரின் கனவில் ஒரு பொருள் வரும். அவர் வந்து சொன்னால் சாமி முன் பூப்போட்டுப் பார்ப்பார்கள். வெள்ளைப்பூ வந்தால் அந்தப் பொருள் பெட்டிக்குள் ஏறும். அடுத்தவர் கனவு உறுதியாகும்வரை அதுவே இருக்கும். மண், தண்ணீர், மஞ்சள், துப்பாக்கி, சைக்கிள் எல்லாம் இருந்திருக்கின்றன. பொருள் மாறிய மறுநாளே அதற்கு விலை ஏறுமா, இறங்குமா என்று செய்தி வந்துவிடும். நடந்து முடிந்ததைப் பெட்டியோடு பொருத்திப் பார்ப்பதில் நம்மவர்களை மிஞ்ச ஆளில்லை. "தேங்காப் பருப்ப வெக்கட்டும், அப்ப நானும் நம்பறேன்" என்று விழுந்து கும்பிட்டான் நண்பன்.

பிராகாரத்துக்கு வெளியே வந்தால்தான் நான் காட்ட நினைத்த இடம். வெயில் மேற்கே சாய்ந்திருப்பதால் திருப்பூர்ப் பக்கம் கண் கூசும், பனியன் கம்பெனிகளெல்லாம் வெறும் வெளிச்சம். கிழக்கும் தெற்கும் பளிச்சென்று தெரியும். காங்கேயத்தைச் சுற்றிலும் வெள்ளைவெள்ளையாகக் கிடப்பவை சிமெண்டுக் களங்கள். பொள்ளாச்சி, உடுமலை, கேரளத்துத் தேங்காயெல்லாம் இங்கே வருவதற்கு மரம் காரணமில்லை, காற்று காரணம். ஆண்டுக்கு 600 மில்லிமீட்டரைச் சுற்றித்தான் இந்தப் பக்கம் மழை. காற்றில் ஈரமில்லை. உடைத்த தேங்காயைக் கவிழாமல் பரப்பி, கொஞ்சம் காய்ந்ததும் சிரட்டையைக் கழற்றி, பருப்பை மறுபடி வெயிலில் போடுகிறார்கள். காய்ந்த பருப்பை ஒடித்தால் படக்கென்று சத்தம் வரவேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது. பூசணம் பிடிக்கும், எண்ணெயில் சிக்கு வாடை அடிக்கும். மழை இல்லை என்று மற்ற ஊர்கள் அழும்போது இந்த ஊர் அதற்கே எண்ணெய்ச் செக்கு போட்டுவிட்டது.

மாட்டுக் கதையும் அதேதான். காங்கேயம் காளை என்றதும் 2017 மெரினாவும் ஜல்லிக்கட்டும்தான் பலருக்கு நினைவு வரும். அதை வளர்த்தது கொறங்காடு. மலையிலிருந்து பார்த்தால் கட்டங்கட்டமாக வேலி போட்ட தரிசு போலத் தெரியும். தரிசில்லை, மேய்ச்சலுக்கென்றே விட்ட காடு. சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி. கொம்பை ஒடித்து நட்டால் அதுபாட்டுக்கு வளரும். உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். புல் தீய்ந்துபோகும் கோடையில் வெள்வேலங்காய் உதிர்கிறது. ஆடுமாடு அதைத் தின்று மழைவரை தாங்கும். தண்ணீரில்லாத நிலத்தில் இதைவிடக் கெட்டிக்காரத்தனமான விவசாயத்தை நான் பார்த்ததில்லை. செந்நிறத்தில் பிறக்கும் கன்று ஆறு மாதத்தில் சாம்பல் நிற மயிலையாக மாறுவதும் இந்தக் காடுகளில்தான்.

தெற்கே ஊதியூர் மலை, கொங்கணச் சித்தர் பெயர் சொல்லும் மலை; 2023இல் அங்கே சிறுத்தை வந்து ஆடு கன்றுகளை அடித்தபோது சுற்றுவட்டாரமே கதவைச் சாத்திக்கொண்டது. வடக்கே நொய்யல் கரையில் கொடுமணல், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்மணி கடைந்த ஊர். பக்கத்துப் படியூரில் பச்சைக்கல் வெட்டினார்கள். இந்தியாவில் கிடைப்பது, வேறெங்கும் அரிது என்று ரோமாபுரி பிளினி எழுதிவைத்த அதே வகைக் கல். அதே வடக்கில்தான் 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையும். பாசனத்துக்குக் கட்டிய அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கி, தண்ணீரைத் திறக்காதே என்று விவசாயிகளே தடுத்த கொடுமை வேறெங்கே நடந்தது? சாயப்பட்டறைகளைச் சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் மூடச் சொன்ன பிறகுதான் பேச்சு மாறியது.

நண்பன் இதையெல்லாம் கேட்டமாதிரி தெரியவில்லை. மேற்கே பார்த்துக்கொண்டிருந்தான். கூசிய வெளிச்சத்துக்கு நடுவே ஒரு கருமேகம் எழுந்திருந்தது. போனை எடுத்துக் களத்துக்குப் பேசினான்: "படுதாவ இழுத்துப் போடுங்க. ஓரத்துல கல்லு வெய்யுங்க. இருக்கற ஆளயெல்லாம் கூப்புடுங்க."

ஏறும்போது பத்து இடத்தில் உட்கார்ந்தவன் இறங்கும்போது எங்கேயும் நிற்கவில்லை. பாதி வழியில் ஏறிவந்த பெரியவர் ஒருவர், பரம்பிக்குளம்-ஆழியாறு (பி.ஏ.பி.) வாய்க்காலின் கடைமடையில் தோட்டம் வைத்திருப்பவராம், மேகத்தைக் காட்டிச் சிரித்தார். "வந்துருமாட்ட இருக்குதுங்க தம்பி."

"வரட்டுமுங்க," என்றான் நண்பன் நிற்காமலே. "நாளைக்கு வரட்டும்."