கஞ்சாவை நாடுவோர் நாடுவது யாது?

ஒருவர் ஒரு செயலை ஏன் செய்கின்றார் என்பதை அறிய வேண்டுமாயின் அவரையே வினவுதல் நேரிய வழியாகும். ஆயினும் லாகிரி வஸ்துக்களின் விஷயத்தில் உலகத்தார் இவ்வழியை நெடுங்காலம் மேற்கொண்டாரல்லர். கஞ்சா அருந்துவோனைப் பற்றி நியாயாதிபதி பேசினார், வைத்தியர் பேசினார், திருச்சபைத் தொண்டர்களும் பேசினர். அவன் வாய்திறந்து பேசக் கேட்டோர் மிகச் சிலர். அவனுக்குப் புத்தியில்லை, அல்லது பக்தியில்லை, ஆதலின் அருந்துகின்றான் என்று கூறிவிட்டு மேற்செல்வதே வழக்கமாயிருந்தது. வயது வந்து, தொழில் செய்து, குடும்பம் காக்கும் ஒருவன், தீதெனப் பலரும் கூறும் பொருளைத் தெரிந்தே நாடுவதற்குக் காரணம் யாது? இவ்வினாவை ஆராய்ந்தோர் எவ்வாறு ஆராய்ந்தனர், எங்கு வழுவினர் என்பவற்றை ஈண்டுக் கூறப் புகுகின்றோம். இளஞ்சிறாரைப் பற்றிய வினா வேறு. அதனை இங்கு எடுத்துக்கொண்டிலோம்.

முதற்கண் பொருளின் இயல்பைத் தெரிந்துகொள்ளல் வேண்டும். செடி ஒன்றே, அதனின்று பெறப்படுவன மூன்று. இலையை அரைத்துப் பாலும் சர்க்கரையும் மிளகும் கூட்டிப் பருகுவது பாங்கு. பெண்செடியின் பூங்கதிரை உலர்த்திச் சிலும்பியிலிட்டுப் புகைப்பது கஞ்சா. செடியிற் கசியும் பிசினைத் திரட்டியது சரஸ். இது முற்காலத்தில் யார்க்கந்திலிருந்து லே நகர் வழியாக மலைகடந்து பஞ்சாபுக்கு வந்தது. வடநாட்டில் ஹோலிப் பண்டிகையன்று பாங்கு பருகும் பெரியவர், தெருவோரத்திற் சிலும்பி பிடிப்பவனோடு தம்மை ஒருசேர எண்ணுவதற்கு ஒருகாலும் இசையார். பொருளின் உருவம் மாறவே, அருந்துவோரின் நிலையும் நோக்கமும் மாறுகின்றன என்பதை வாசகர் நினைவிற் கொள்வாராக.

1893-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 2-ஆம் நாள், ஆங்கிலேயப் பாராளுமன்றத்தின் காமன்ஸ் சபையில், மதுவிலக்கு இயக்கத்திற் பெயர்பெற்ற டபிள்யூ. எஸ். கெய்ன் என்பார் வங்காளத்துக் கஞ்சாவைக் குறித்து ஒரு கேள்வி எழுப்பினார். அதன் பயனாக இந்திய சர்க்கார் அவ்வாண்டு ஜூலை மாதத்தில் எழுவர் கொண்ட கமிஷன் ஒன்றை நியமித்தனர். மக்வொர்த் யங் அதன் தலைவர், கல்கத்தா வைத்தியக் கலாசாலையில் ரசாயனம் போதித்த வார்டன் ஓர் உறுப்பினர், இந்தியர் மூவர். அம்மூவருள் ஒருவர், கபுர்தலா ராஜ வமிசத்திற் பிறந்து கிறிஸ்தவ மார்க்கத்தைத் தழுவிய கன்வர் ஹர்னாம் சிங். பிற்காலத்தில் சுதந்தர இந்தியாவின் முதற் சுகாதார மந்திரியாய் விளங்கிய ராஜகுமாரி அமிர்த கௌர் இவருடைய புதல்வியே. கமிஷனார் 30 நகரங்களில் 86 கூட்டங்கள் கூடி, 1,193 சாட்சிகளின் வாக்குமூலங்களைப் பெற்று, 1894-இல் மூவாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட அறிக்கையை ஏழு பாகங்களாக வெளியிட்டனர். அந்நாளைய சென்னை ராஜதானியில் கிருஷ்ணா ஜில்லாவிலும் வட ஆர்க்காட்டு ஜவ்வாது மலையிலும் கஞ்சா பயிராயிற்று. ஆதலின் நம் நாட்டுச் செய்தியும் அவ்வறிக்கையில் இடம்பெற்றுளது.

அவர்கள் கண்ட காரணங்கள் பலவாம். பல்லக்குச் சுமப்போரும், மீன்பிடிப்போரும், ஓடஞ் செலுத்துவோரும், கடும் உழைப்பாளரும் உடலயர்ச்சி தீரப் புகைத்தனர். சதுப்பு நிலங்களில் வாழ்வோர் விஷக்காய்ச்சலும் குளிரும் அணுகாவென நம்பி அருந்தினர். துறவிகளும் பக்கிரிகளும் பசி பொறுக்கவும், குளிர் தாங்கவும், மனம் ஒருமுகப்படவும் வேண்டினர். கீழ்வங்காளத்தில் திரிநாதர் பூஜையில் கஞ்சாவே நிவேதனமாயிற்று. சாராயத்தினும் விலை குறைந்தது என்பதும் ஒரு காரணம். ஏழைக்கு இது சிறிய காரணமன்று. பல்லக்குச் சுமப்போன் கூறும் காரணத்தைக் கேட்டு நகைப்போர், பெரும்பாலும் பல்லக்கினுள் அமர்ந்திருந்தோரே என்பதையும் நாம் மறத்தலாகாது.

எனினும் அவ்வறிக்கையில் நம் உள்ளத்தைப் பெரிதும் கவர்வது மற்றொரு பகுதி. கஞ்சாவினாற் பித்து உண்டாகின்றது என்பது அக்காலத்தார் ஐயமின்றிக் கொண்ட கொள்கை. பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளின் வருஷாந்தரக் கணக்குகளே அதற்குச் சான்று. கமிஷனார் அக்கணக்குகளை அப்படியே ஏற்றுக்கொள்ளாது, அவற்றின் மூலத்தைத் தேடிச் சென்றனர். நோயாளியை அனுப்பும் பத்திரத்தில் ‘பித்துக்குக் காரணம்’ என்றொரு கட்டம் இருந்தது. அதனை நிரப்பியவர் வைத்தியரல்லர், பெரும்பாலும் போலீசாரே. காரணம் புலப்படாதவிடத்து எளிதிற் கைக்குக் கிட்டிய சொல் கஞ்சா. ஆஸ்பத்திரியார் அதனைப் பார்த்து எழுதினர். மாகாணத்தார் அதனைக் கூட்டித் தொகுத்தனர். அத்தொகையைக் கண்டு அறிஞர் நடுங்கினர். 1892-இல் ஆஸ்பத்திரிகளிற் சேர்க்கப்பட்டோர் 1,344 பேர். அவருள் 222 பேருக்குக் கஞ்சாவே காரணம் எனக் குறிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொருவரைப் பற்றியும் மீண்டும் விசாரித்த பின்னர் எஞ்சியோர் 98 பேரே. அவருள்ளும் 61 பேருக்கே வேறு காரணம் கலவாதிருந்தது.

இது வெறுங் கணக்குப் பிழையன்று. நீக்கப்பட்ட 124 பேரும் உயிருள்ள மாந்தர். அவருள் ஒருவனுக்கு மூளைக்காய்ச்சலோ, குடும்ப நோயோ, மகவிழந்த துயரமோ காரணமாயிருந்திருக்கலாம். கட்டத்திற் கஞ்சா என்று எழுதிவிட்ட பின்னர் அதனைத் தேடுவார் யார்? காரணத்தைத் தவறாக உரைத்தவிடத்து மருந்தும் தவறாகவே முடியும்.

மிதமாய் அருந்துவோரே பெரும்பாலார், அவர்க்கு எடுத்துரைக்கத்தக்க தீங்கு இல்லை, மிகையாய் அருந்துவோர்க்கே கேடு என்பது கமிஷனார் முடிபு. முற்றிலும் விலக்காது வரியாலும் லைசென்ஸினாலும் கட்டுப்படுத்துமாறு கூறினர். இந்திய உறுப்பினருள் இருவர் இம்முடிபோடு முழுதும் இசையாது தனிக்குறிப்பு எழுதினர். கஞ்சா வரியினால் வருமானம் பெற்ற சர்க்காரே நீதிபதியாயும் அமர்ந்தமையின், அவ்விருவர் தயக்கத்தை நாம் எளிதில் தள்ளிவிடுதற்கில்லை. மற்றொரு குறையும் உண்டு. சாட்சிகளுள் 467 பேர் சிவில் உத்தியோகஸ்தர். 214 பேர் சர்க்கார் வைத்தியர். 34 பேர் மிஷனரிமார். அருந்துவோர் சொல்லினும் அவரைத் தூரத்தே கண்டோர் சொல்லே மிகுந்து நின்றது.

அருந்துவோர்பாலே சென்று கேட்டவர், அமெரிக்காவின் சிக்காகோ நகரத்துச் சமூகவியலார் ஹவர்டு பெக்கர். இவர் பியானோ வாசிப்பவராதலின் வாத்தியக்காரர் கூட்டத்திற் பழகும் வாய்ப்புடையவர். ஐம்பது பேரிடம் உரையாடி 1953-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதுகாறும் அறிஞர், இன்ன மனக்குறை உடையான் கஞ்சாவை நாடுவான் என்று குணத்தில் வைத்துக் காரணம் தேடினர். பெக்கரோ, முதன்முறை புகைப்பவன் பெரும்பாலும் இன்பம் ஒன்றும் பெறுவதில்லை என்று கண்டார். புகையை இழுக்கும் முறையை அவன் பிறரிடம் பயில்கின்றான். தன் உடலில் நிகழும் மாறுதலை இதுதான் அது என அறியப் பயில்கின்றான். தலைசுற்றலும் தாகமுமாகிய அவ்வுணர்ச்சியை இன்பமெனக் கொள்ளவும் பயில்கின்றான். இம்மூன்றும் பயிலாதவன் விட்டுவிடுகின்றான். ஆகவே விருப்பம் பழக்கத்திற்கு முன்னே நில்லாது, பழக்கத்தின் ஊடே பிறக்கின்றது. ஏன் தொடங்கினான், ஏன் தொடர்கின்றான் என்பன இருவேறு வினாக்களாயின.

ரசாயன நூலாரும் தம் பங்கைச் செய்தனர். 1964-இல் இஸ்ரவேல் நாட்டில் மெக்கூலமும் காவோனியும் இச்செடியின் மயக்கும் சத்தினைப் பிரித்தெடுத்தனர். 1992-இல் அச்சத்தைப் போன்றே தொழிற்படும் ஒரு பொருள் மூளையிலேயே இயல்பாய்ச் சுரக்கின்றது என்று தெரிந்தது. அதற்கு ‘ஆனந்தம்’ என்னும் வடசொல்லினின்று அனந்தமைடு எனப் பெயரிட்டனர். 1998-இல் சைமன்ஸ் என்பாரும் அவர்தம் கூட்டாளிகளும் பல்கலைக்கழக மாணவரை ஆராய்ந்து நோக்கங்களை ஐந்தாக வகுத்தனர்: கூடிக் களித்தல், இன்பம் பெருக்கல், துயர் தணித்தல், பிறரோடு ஒத்துப்போதல், எண்ணத்தை விரித்தல். இவற்றுள் துயர் தணிக்க அருந்துவோரிடத்தே பிற்கால இடர் மிகுதியாய்க் காணப்படுகின்றது என்பதைப் பின்வந்த ஆராய்ச்சிகள் காட்டின. நோக்கத்தை வினவுதலின் பயன் இங்கேதான் உளது. விழாவிற் பருகுவோனுக்கும், உறக்கம் வாராது இரவுதோறும் தனியே புகைப்போனுக்கும் ஒரே உபதேசம் போதுமானதன்று.

இவ்வாறு கூறுதலால் தீங்கில்லை என்று நாம் கூறியதாகக் கொள்ளற்க. ஒருமுறையேனும் அருந்தியோருள் ஏறக்குறைய நூற்றுக்கு 9 பேர் விடமுடியாத நிலையை அடைகின்றனர் என்று 1994-இல் அமெரிக்காவிற் கணக்கிட்டனர். ஸ்வீடன் நாட்டில் ராணுவத்திற்குச் சேர்க்கப்பட்ட இளைஞரை ஆராய்ந்து 1987-இல் வெளியிட்ட கட்டுரை, மிகுதியாய் அருந்தியோர்க்குச் சித்தப்பிரமை நோய் வரும் அபாயம் ஆறு மடங்காயிருந்ததெனக் காட்டிற்று. 1894-இன் கணக்கு ஒரு தவறான நிச்சயத்தைக் குலைத்ததேயன்றி, அஞ்சவேண்டுவது ஒன்றுமில்லை என்று நிறுவியதன்று.

நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டின் சட்டம், பூங்கதிரோடு கூடாத இலையையும் விதையையும் தடைக்கு உட்படுத்தவில்லை. ஆதலின் பாங்கு ஒருபுறமும் கஞ்சாவும் சரஸும் மறுபுறமும் நிற்கின்றன. 2019-இல் இந்திய சர்க்கார் வெளியிட்ட கணக்கெடுப்பு, 10 வயது முதல் 75 வயது வரையுள்ளோரில் ஏறத்தாழ 3.1 கோடிப் பேர் முந்திய ஓராண்டினுள் இவற்றுள் ஒன்றை அருந்தினர் என்கின்றது. வீடுதேடி வந்து வினவுவோரிடம் பாங்கு பருகியதை ஒப்புக்கொள்ளல் எளிது. தண்டனைக்குரிய பொருளைப் பற்றி யார் வாய் திறப்பர்? இதனை உணர்ந்த அவ்வாராய்ச்சியார், வீட்டுக் கணக்கோடு நில்லாது, அருந்துவோர் வாயிலாகவே அருந்துவோரை அறிந்து, 135 ஜில்லாக்களில் 72,642 பேரைச் சந்தித்து உரையாடினர்.