முயல் தீவனத்தைத் தொடவில்லையா? புழுக்கைத் தட்டைப் பாருங்கள்

"மாலையில் நன்றாகத்தான் இருந்தது ஐயா, காலையில் செத்துக் கிடக்கிறது." முயல் வளர்ப்போர் சொல்லும் குறைகளில் இதுவே முதலாவது. உண்மையில் பெரும்பாலான முயல்கள் முந்தைய மாலையிலும் நன்றாக இருந்திருக்காது. முயல் வலியை வெளிக்காட்டாத பிராணி. மாடு அசை போடாவிட்டால் உடனே கண்ணில் படும். ஒரே கூண்டில் நாலைந்து முயல்கள் இருந்தால், எது தின்றது, எது தின்னவில்லை என்று தீவனத் தட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. கூண்டின் அடியில் விழும் புழுக்கை அதைச் சொல்லிவிடும்.

நலமான முயலின் புழுக்கை ஒரே அளவில் உருண்டையாகவும், உடைத்தால் நார் தெரியும்படி உலர்ந்தும் இருக்கும். அது சிறுத்து, எண்ணிக்கையில் குறைந்து, முடியால் கோத்த மணி போல வந்தால் குடல் மெதுவாகிறது என்று பொருள். முயல் 12 மணி நேரம் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் அது அவசர நிலை. 'நாளை பார்ப்போம்' என்று விடக்கூடாது.

முயலின் குடல் ஓட வேண்டுமானால் நார் வேண்டும். பெருங்குடலின் தொடக்கத்தில் உள்ள பெரிய பையில் நுண்ணுயிர்கள் தீவனத்தை நொதிக்க வைக்கின்றன. அங்கு உருவாகும் மென்மையான, பளபளப்பான புழுக்கையை முயல் ஆசனவாயிலிருந்தே நேராக எடுத்து விழுங்கிவிடும். புரதமும் பி வைட்டமின்களும் அதில் உள்ளன. இதை அசிங்கம் என்றோ நோய் என்றோ எண்ணித் தடுப்பவர்கள் இன்றும் உண்டு, அது தவறு. அந்த மென்மையான புழுக்கை தின்னப்படாமல் கூண்டில் ஒட்டிக் கிடந்தால்தான் கவலைப்பட வேண்டும். அடர்தீவனம் மிஞ்சியிருக்கலாம், உடல் பருத்தோ வலியாலோ முயல் குனிய முடியாமல் இருக்கலாம்.

வளர்ந்த முயலுக்கு நாளொன்றுக்குச் சுமார் 100 முதல் 120 கிராம் அடர்தீவனம் போதும். மீதி வயிறு புல்லாலும் தழையாலும் நிறைய வேண்டும். சோறு, ரொட்டி, பிஸ்கட், மக்காச்சோளம் என்று பிள்ளைகள் ஆசையாகக் கொடுப்பதுதான் வீட்டு முயல்களுக்கு எமன். மாவுப்பொருள் மிகுந்தால் நுண்ணுயிர்களின் சமநிலை கெட்டு வாயு சேரும். முயலால் வாந்தி எடுக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். கம்பு நேப்பியர், முயல்மசால், வேலிமசால், அகத்தி ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். வெட்டிக் குவித்துச் சூடேறிய புல்லைக் கொடுக்கக் கூடாது. பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கு அறவே ஆகாது. அதிலுள்ள நச்சை முயல் சிறிதும் தாங்காது. எந்தத் தீவனத்தையும் ஒரே நாளில் மாற்றாமல் ஒரு வாரத்தில் சிறிது சிறிதாக மாற்றுங்கள்.

வயிற்றில் முடி அடைத்ததால்தான் முயல் தின்பதில்லை என்ற கருத்து பரவலாக உள்ளது. நலமான முயலின் இரைப்பையிலும் முடி இருக்கத்தான் செய்யும். குடல் நின்று நீர் வற்றினால் அந்த முடி இறுகிக் கட்டியாகிறது. ஆகவே பெரும்பாலும் முடிக்கட்டி நோயின் விளைவே.

தீவனத்தருகே வந்து முகர்ந்து, வாயில் எடுத்துக் கீழே போட்டால் பல்லைப் பாருங்கள். முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்வன. நார்த்தீவனம் மென்று தேயாவிட்டால் கடைவாய்ப்பல் கூராகி நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். முகவாய் எச்சிலால் நனைந்திருப்பது அதன் அடையாளம்.

அடுத்தது வெயிலும் தண்ணீரும். மன்னவனூர், உதகை போன்ற மலைப்பகுதிகளிலிருந்து சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜெயண்ட் முயல்களை வாங்கிச் சமவெளிக்குக் கொண்டு வருவோர், 30 டிகிரிக்கு மேல் வெப்பம் போனால் அவை தீவனத்தைக் குறைத்துவிடும் என்பதை அறிய வேண்டும். தீவனத்தை அதிகாலையிலும் மாலையிலும் வையுங்கள். குடிநீர் நிப்பிளைத் தினமும் விரலால் அழுத்திப் பாருங்கள். நிப்பிள் அடைத்துக்கொண்டு, மருந்துக்கு அலைந்த பண்ணைகள் பல.

தாயிடமிருந்து பிரித்த குட்டிகளின் கழிச்சல் வேறு வகை. இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் ஒட்டுண்ணியின் முட்டைகள் ஈரத்தில் ஓரிரண்டு நாட்கள் கிடந்த பிறகே நோய் பரப்பும் பக்குவம் அடைகின்றன. எனவே புழுக்கையைத் தினமும் அகற்றி, கூண்டை உலர்வாக வைத்தால் பாதி நோய் வராது. கிருமிநாசினியை நம்புவதைவிடக் கூண்டுக் கம்பியைத் தீயால் வாட்டுவது நல்லது.

இனி, உயிர் போகும் விஷயம். கழிச்சல் கண்டதும் வீட்டில் மிஞ்சிய ஆம்பிசிலின், அமாக்சிசிலின் மாத்திரையைக் கரைத்து ஊற்றும் பழக்கம் உள்ளது. வாய்வழியே கொடுக்கும் பென்சிலின் வகை மருந்துகளும் லின்கோமைசின், கிளிண்டாமைசின் போன்றவையும் முயல் குடலின் நல்ல நுண்ணுயிர்களைக் கொன்று, நச்சு உண்டாக்கும் கிருமிகளைப் பெருக வைக்கும். சில நாட்களில் முயல் இறந்துவிடும். பழி நோயின் மேல் விழும். சோவியத் சின்சில்லா இனத்துக்கு ரோம நிறத்தால் பெயர் தந்த தென் அமெரிக்கச் சின்சில்லாவுக்கும் கினிப்பன்றிக்கும் இதே கதிதான். கோழிக்கு வாங்கிய மருந்தையும் கால்நடை மருத்துவரைக் கேட்காமல் முயலுக்குக் கொடுக்காதீர்கள்.

மருத்துவரிடம் போகும்வரை அடர்தீவனத்தை நிறுத்தி, உலர்ந்த புல்லும் தண்ணீரும் வையுங்கள். காது சில்லிட்டிருந்தால் சாக்கு விரித்து வெதுவெதுப்பாக வையுங்கள். வயிறு மென்மையாக இருந்தால், குச்சித் தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்துக் குழைத்து ஆறவிட்டு, ஊசி கழற்றிய சிரிஞ்சால் வாயோரமாக 5 முதல் 10 மில்லி வீதம் சில மணிக்கு ஒருமுறை புகட்டலாம். அண்ணாந்து பிடித்துப் புகட்டினால் புரையேறும். வயிறு தட்டினால் மத்தளம் போல ஒலித்தால் ஒன்றும் புகட்டாமல் உடனே எடுத்துச் செல்லுங்கள். போகும்போது அன்றைய புழுக்கையையும் தின்னும் தீவனத்தில் ஒரு பிடியையும் காகிதத்தில் மடித்துக் கொண்டு போங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.