லாரிக்குப் பசியா, அஜீரணமா?

ஆபீஸில் உங்கள் டி.ஏ. பில் பாஸாகவில்லை. எடுத்த எடுப்பில் எம்.டி. ரூம் கதவையா தட்டுவீர்கள்? மாட்டீர்கள். தபால் செக்‌ஷனில் ஆரம்பித்து, கிளார்க், சூப்பரின்டெண்டெண்ட், அக்கவுண்ட்ஸ் என்று ஒவ்வொரு மேஜையாகப் போய், எங்கே தூங்குகிறது என்று பார்ப்பீர்கள். பாதி கேஸில் முதல் மேஜையிலேயே டீ கிளாஸுக்கு அடியில் கிடக்கும்!

ஸ்டார்ட் ஆகாத பழைய டீசல் லாரிக்கும் இதே சட்டம்தான். ஆனால் நம்ம ஆட்கள் அங்கே மட்டும் நேராக எம்.டி. ரூமுக்குப் போய்விடுகிறார்கள். லாரியில் எம்.டி. யார் என்றால், டீசல் பம்ப். அதைக் கழற்றினால் பர்ஸையும் கழற்ற வேண்டும்.

நான் பி.காம். எனக்கு அத்துபடியான பம்ப் தெருமுனை அடிபம்பு ஒன்றுதான். ஆனாலும் ஸ்ரீரங்கம் பஞ்சக்கரை ரோட்டில் ஒருநாள் விடியற்காலை ஒரு பாய் நடத்திய வகுப்பில் ஓசியில் உட்கார்ந்து (சரி, நின்று) படித்தேன். அதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

ரோட்டோரம் ஒரு டாடா 1210. நம்மில் பலரைவிட சர்வீஸ் அதிகம். மேலூர் பக்கத்து வாழைத்தார் லோடு. விடிவதற்குள் பாலம் தாண்டி காந்தி மார்க்கெட்டில் இறக்கியாக வேண்டும். செல்ஃப் அடித்தால் கர்ர்... கர்ர்... என்று நன்றாகச் சுற்றுகிறது. பிடிக்கத்தான் மாட்டேன் என்கிறது. சுற்றிலும் ஏழெட்டுப் பேர், ஏழெட்டு அபிப்பிராயம். அதில் ஒருவர் மெக்கானிக்காம். "பம்ப் போச்சுண்ணே. கழட்டிக் கலிப்ரேஷனுக்குக் குடுத்துடுங்க" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்.

லாரிக்கு ஓனரும் டிரைவரும் ஒரே ஆள்தான். ஐம்பது வயசு இருக்கும். "பொண்ணு தோடு ஒண்ணுதான் பாக்கி. அதையும் வச்சுட வேண்டியதுதான்" என்றார் யாரையும் பார்க்காமல். பம்ப் வேலை என்றால் ஆயிரக்கணக்கில் செலவு. ரெண்டு, மூணு நாள் வண்டி ஓடாது. அதுவரை வாழைத்தார் பழுக்காமல் காத்திருக்குமா?

அந்த நேரத்தில்தான் அரியமங்கலத்திலிருந்து டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் வந்து இறங்கினார் பாய். அறுபது தாண்டியவர். நிலவரம் கேட்டார். சிரித்தார்.

"வயித்தைக் கிழிக்கறதுக்கு முன்னாடி, அவன் சாப்பிட்டானான்னு கேட்டீங்களாப்பா?"

இந்த இடத்தில் கொஞ்சம் பாடம். பெட்ரோல் வண்டி மாதிரி டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றைச் சுமார் பதினேழில் ஒரு பங்காக அமுக்கினால் அது 500 டிகிரிக்கு மேல் கொதிக்கும். அதில் டீசலைப் பனித்துளி மாதிரித் தெளித்தால் தானாகவே பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மன்காரர் 1897-ல் ஓட்டிக் காட்டிய வித்தை இது. தெளிப்பதற்கு மட்டும் பயங்கர அழுத்தம் வேண்டும். லாரி டயரில் இருப்பது காற்றுமண்டல அழுத்தத்தைப் போல ஏழெட்டு மடங்கு. பழைய லாரியின் நாசில் வாய் திறக்க சுமார் 200 மடங்கு தேவை. அந்த அழுத்தத்தைத் தருவதுதான் பம்ப்.

இந்த பம்பை 1927-ல் மொத்தமாகத் தயாரிக்க ஆரம்பித்தது ஜெர்மனியின் பாஷ் கம்பெனி. நம்மூரில் அதே தொழில்நுட்பத்தோடு 1951-ல் தொடங்கியது மைகோ. 2008-ல் பெயர் பாஷ் என்று மாறிவிட்டது. லாரிக்காரர்கள் வாயில் மட்டும் அது இன்னும் மைகோ பம்ப்தான். லாரியும் ஜெர்மன் சம்பந்தம்தான். டாடா, டைம்லர் பென்ஸோடு 1954-ல் கைகோத்து லாரி செய்ய ஆரம்பித்தது. 1969-ல் ஒப்பந்தம் முடிந்தாலும் ஜாடை போகவில்லை.

இனி பாயின் விசாரணை.

முதல் கேள்வி: "செல்ஃப் அடிக்கும்போது புகை வருதா?" வரவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை என்று அர்த்தம். கம்ப்ரஷன், டைமிங் என்று வேறு பக்கம் தேட வேண்டும். புகையே இல்லையென்றால் சாப்பாடே போகவில்லை. அஜீரணம் இல்லை, பட்டினி!

இரண்டாவது: இன்ஜினை நிறுத்த இழுக்கிற ஸ்டாப் கேபிள். இழுத்தது பாதியில் மாட்டிக்கொண்டால், பம்ப் இருந்தும் டீசல் விடாது. பாய் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது.

மூன்றாவது: டேங்க். டேஷ்போர்டு முள்ளை நம்பவில்லை. குச்சியை விட்டுப் பார்த்தார். டீசல் இருந்தது. மூடியைத் திறக்கும்போது காதைக் கொடுத்துக் கேட்டார். 'ஸ்ஸ்' என்று காற்றை இழுத்தால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது, டேங்க் வெற்றிடமாகி டீசலைப் பிடித்து வைத்திருக்கிறது என்று பொருள். சத்தமில்லை. அடி பிளக்கைத் தளர்த்திக் கொஞ்சம் பிடித்துப் பார்த்தார். தண்ணீரும் துருவும் கனமானவை, அடியில்தான் தங்கும். அதுவும் பெரிதாக இல்லை.

நான்காவது: ஃபில்டர் மேலிருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஃபீட் பம்பிலுள்ள கைப்பம்பை அடிக்கச் சொன்னார். கிளீனர் பையன் அடி அடியென்று அடித்தான். சோடா பாட்டில் உடைத்த மாதிரி நுரை பொங்கியது. சாதாரணமாக ஏர் பிடித்திருந்தால் கொஞ்ச நேரத்தில் நுரை நின்று சுத்த டீசல் வர வேண்டும். இங்கே நிற்கவே இல்லை.

"தம்பி, ரெண்டு நாளா காலையில மட்டும் லேட்டாப் பிடிச்சுதா?" என்று ஓனரிடம் கேட்டார்.

"ஆமா பாய். குளிருன்னு நெனச்சேன்."

"திருச்சியில ஏதுய்யா குளிரு!"

காற்றை அமுக்கினால் பஞ்சு மாதிரி அமுங்கும். டீசல் அப்படி அமுங்காது. பைப்பில் காற்று புகுந்தால் பம்ப் அந்தப் பஞ்சையே அமுக்கிக்கொண்டிருக்கும், நாசில் திறக்காது. சரி, காற்று எங்கிருந்து வருகிறது? டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை டீசல் உறிஞ்சப்படுகிறது. அந்தப் பாதையில் ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே சொட்ட வேண்டுமென்பதில்லை, காற்று உள்ளே நுழையும். ராத்திரி நிறுத்தினால் பைப்பிலுள்ள டீசல் டேங்குக்கே இறங்கிவிடும். ஒழுகாத ஓட்டை! ஆடிட்டர்களே பயப்படுகிற சமாச்சாரம்.

கடைசியாகப் பாய் செய்ததுதான் கிளைமாக்ஸ். டேங்க் பைப்பைக் கழற்றி ஓரம் கட்டினார். ஒரு கேனில் வடிகட்டிய டீசல், அதிலிருந்து ஃபீட் பம்புக்கு நேராக ஒரு டியூப். மறுபடி ஏர் எடுத்தார்கள். நுரை நின்றது. செல்ஃப். பத்து செகண்ட். ஒரு இருமல், இரண்டு இருமல்... குபுக்கென்று கரும்புகை, தடதடவென்று இன்ஜின்!

பம்ப் நிரபராதி என்பது நிரூபணமாகிவிட்டது. குற்றவாளி டேங்க் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். ரப்பர் ஹோஸில், கிளிப்புக்குக் கீழே, முடி கனத்தில் ஒரு வெடிப்பு. ரெண்டு அங்குலம் வெட்டி எறிந்துவிட்டுத் திரும்ப மாட்டினார்கள். செலவு? பாய் கூலியும் எல்லோருக்கும் டீயும். தோடு பெட்டியிலேயே இருந்தது. லாரி பாலத்தை நோக்கிக் கிளம்பியது. தீர்ப்புச் சொன்ன மெக்கானிக் எப்போது கிளம்பினார் என்று யாரும் கவனிக்கவில்லை.

இதைப் படித்துவிட்டு ஸ்பேனரோடு இறங்கப் போகிறவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். செல்ஃபைப் பத்துப் பதினைந்து செகண்டுக்கு மேல் தொடர்ந்து அடிக்காதீர்கள். மோட்டார் சூடேறும், பேட்டரி படுத்துவிடும். நாசிலிலிருந்து பீறிடும் டீசலுக்கு எதிரே கையை நீட்டவே கூடாது. 200 மடங்கு அழுத்தம் தோலைத் துளைத்துக்கொண்டு போகும். வெளியே ஊசி குத்தின மாதிரிதான் தெரியும். உள்ளே சதை அழுகும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய கேஸ் அது.

இன்னொன்று: இதெல்லாம் பழைய லாரி வைத்தியம். 2020 ஏப்ரலிலிருந்து வந்த பி.எஸ். 6 டீசல் லாரிகளில் அழுத்தம் ஆயிரம் மடங்கைச் சாதாரணமாகத் தாண்டும். அதில் ஹைபிரஷர் பைப்பைத் தளர்த்தி 'டீசல் வருதா' என்று பார்ப்பது புலி வாயைத் திறந்து பல் எண்ணுகிற வேலை. அங்கே கம்ப்யூட்டரை மாட்டித்தான் கேட்க வேண்டும்.

லாரி புதுசோ பழசோ, வரிசை மட்டும் மாறாது. காசு கேட்காத கேள்வி முதலில், காசு கேட்கிற கேள்வி கடைசியில். எவராவது இந்த வரிசையைத் தலைகீழாக ஆரம்பித்தால், அவர் லாரியைப் பார்க்கவில்லை, உங்கள் சட்டைப் பையைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்!