குட்டி யானையில போகுது உங்க 60,000 ரூபாய் சைக்கிள்: பூட்டு, பில், இன்ஷூரன்ஸ் மூணும் சரியா இருக்கா?



வீக்எண்ட் ஆனா ஏலகிரிக்கோ கொல்லிமலைக்கோ சைக்கிள் ஓட்டப் போற டீம் ஒண்ணு இப்ப பல ஆபீஸ்ல இருக்கு. சென்னையில இருந்து மலை அடிவாரம் வரைக்கும் ஹைவேயில மிதிக்க எல்லாராலும் முடியாது. அதனால ஒரு டாடா ஏஸ், அதாவது நம்ம குட்டி யானை, இல்லைன்னா ஒரு பொலேரோ பிக்கப் வாடகைக்குப் பேசி, சைக்கிள்களை அதுல ஏத்திட்டு, நாம பின்னாடி கார்ல போவோம். ஆரோக்கியமான பழக்கம். அதுல எனக்கு எந்தக் குறையும் இல்லை.

என் கேள்வி ஒண்ணுதான். திறந்த வண்டியில, ஒரு நைலான் கயித்தை நம்பி, எவ்வளவு பணத்தை அனுப்புறீங்கன்னு என்னைக்காவது கணக்குப் போட்டுப் பார்த்திருக்கீங்களா?

முதல்ல கணக்கு

ஒரு சுமாரான கியர் சைக்கிள் 60,000 ரூபாய்னு வச்சுக்குவோம். அஞ்சு பேர் டீம்னா வண்டியில இருக்குறது 3 லட்சம். உங்க கைக்கு வர்ற சம்பளம் 45,000, மாசம் 8,000 சேமிக்கிறீங்கன்னா, அந்த ஒரு சைக்கிள் உங்களோட ஏழரை மாசச் சேமிப்பு. 3 லட்சம் ரூபாயை ஒரு பையில போட்டு, கயிறு கட்டி, திறந்த வண்டியில வச்சுட்டு ஆம்பூர்ல பிரியாணி சாப்பிடப் போவீங்களா? போக மாட்டீங்க. சைக்கிள்னா மட்டும் போயிடுறோம்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு க்ளையன்ட், ஐடி கம்பெனியில வேலை. காலை டிபனுக்கு நிறுத்துன அரை மணி நேரத்துல, வண்டியோட பின் கதவு ஓரமா இருந்த ரெண்டு சைக்கிள் மட்டும் காணோம். உள்ளே இருந்த மூணும் பத்திரம். எடுத்தவன் கஷ்டப்படவே இல்லை, கயித்தை அறுத்து இறக்கிட்டுப் போயிட்டான். போன ரெண்டுல ஒண்ணு இவரோடது, 12 மாச இஎம்ஐயில வாங்கினது. அப்போ மூணு தவணைதான் கட்டியிருந்தார். இல்லாத சைக்கிளுக்கு இன்னும் ஒன்பது மாசம், மாசம் 5,000 வீதம் 45,000 ரூபாய் கட்டி முடிச்சார். வீட்டு இன்ஷூரன்ஸ் இருக்கேன்னு என்கிட்ட பாலிசியை எடுத்துட்டு வந்தார். அதுல இதுக்கு ஒரு பைசா கிடையாது.

ஏன் கிடையாது? பலருக்கும் இங்கதான் குழப்பம். ஒவ்வொண்ணா பார்த்துடுவோம்.

எந்த இன்ஷூரன்ஸ் கைகொடுக்கும், எது கொடுக்காது?

*வண்டியோட இன்ஷூரன்ஸ்:* டிரைவர் அண்ணன், "வண்டிக்கு ஃபுல் இன்ஷூரன்ஸ் இருக்கு தம்பி"ன்னு சொல்லுவார். அது உண்மையாவே இருக்கும். ஆனா அது வண்டிக்கான பாலிசி. வண்டி திருடு போனாலோ, மோதினாலோ, மோதி அடுத்தவங்களுக்குச் சேதம் ஆனாலோ வேலை செய்யும். வண்டியில ஏத்தின சரக்கு காணாமப் போனா அதுக்குப் பணம் தராது.

*வீட்டு இன்ஷூரன்ஸ்:* 2021 ஏப்ரல்ல இருந்து எல்லா ஜெனரல் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் கொடுக்குற ஸ்டாண்டர்டு பாலிசி 'பாரத் கிருஹ ரக்ஷா'. இது தீ, வெள்ளம், புயல், நிலநடுக்கம் மாதிரி ஆபத்துகளுக்கு. திருட்டுன்னு ஒரு வரி அதுலயும் இருக்கு. ஆனா அந்த மாதிரி ஆபத்து நடந்து, அதோட விளைவா 7 நாளுக்குள்ள நடக்குற திருட்டுக்கு மட்டும்தான் அது. வெள்ளம் வந்து வீட்டைப் பூட்டிட்டுப் போன நேரத்துல திருடினா சரி, சும்மா ஒரு நாள் வந்து திருடினா கிடையாது. அதுக்குத் தனியா பர்க்ளரி கவர் சேர்க்கணும். அப்படிச் சேர்த்தாலும் அது பொதுவா உங்க வீட்டு முகவரிக்குள்ள நடக்குற திருட்டுக்குத்தான். ஹைவே டீக்கடை உங்க வீட்டு முகவரி கிடையாது.

*சைக்கிளுக்கான கவர்:* ஹவுஸ்ஹோல்டர் பேக்கேஜ் பாலிசி சிலதுல மிதிவண்டிக்குன்னு தனிப் பிரிவு இருக்கும். தனியா சைக்கிள் பாலிசியும் கிடைக்குது. வாங்குறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. வெளியூர்லயும் செல்லுமா? வேற வண்டியில ஏத்திட்டுப் போகும்போது செல்லுமா? பூட்டாம விட்டிருந்தா க்ளெய்ம் தருவீங்களா? பதிலை இமெயில்ல வாங்குங்க. ஏஜென்ட் வாயால சொன்னது க்ளெய்ம் நேரத்துல நிக்காது.

*பார்சல் சர்வீஸ்ல அனுப்பினா:* ஊர் மாறுறப்ப பலர் சைக்கிளை லாரி பார்சல்ல போடுவாங்க. 2007-ம் வருஷ சாலைவழி சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் அதோட 2011 விதிகளும் பதிவு பெற்ற கேரியரோட பொறுப்புக்கு ஒரு உச்ச வரம்பு வச்சிருக்கு. நீங்க கட்டின வாடகையைப் போல 10 மடங்கு, அவ்வளவுதான். 1,500 ரூபாய் வாடகைன்னா அதிகபட்சம் 15,000. மீதி 45,000 உங்க தலையில. கூடுதல் ரிஸ்க் கட்டணம் கட்டி, மதிப்பை எழுத்துல காட்டினா மட்டும் இந்த வரம்பைத் தாண்டலாம். அதனால புக்கிங் ரசீதுல "பழைய சைக்கிள், 2,000 ரூபாய்"னு எழுத விடாதீங்க. உண்மையான மதிப்பை எழுதச் சொல்லுங்க.

*வருமான வரியிலயாவது கழிக்கலாமா?* இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வரும். முடியாது. சம்பள வருமானத்துல திருட்டு நஷ்டத்துக்குக் கழிவு கிடையாது. சைக்கிள் உங்க சொந்த உபயோகப் பொருள், வரிச் சட்டத்துல அது மூலதனச் சொத்தே இல்லை. அதனால கேப்பிட்டல் லாஸும் காட்ட முடியாது.

ஆக, போனா முழுசும் நம்ம பணம். அப்ப போகாம பார்த்துக்குறதுதான் மலிவான வழி.

வண்டியில பூட்டுறது எப்படி?

முதல்ல ஒரு விஷயம் தெளிவாகணும். கயிறும் ராட்செட் பெல்ட்டும் சைக்கிள் ஆடாம இருக்கத்தான். திருட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. ரெண்டு வேலைக்கும் ரெண்டு பொருள் வேணும்.

1. எதுல பூட்டுறீங்க? குட்டி யானையோட பக்கவாட்டுல வரிசையா இருக்குற கொக்கிகள் கயிறு கட்ட மட்டும்தான். கொக்கி திறந்த வடிவம். அதுல செயினை மாட்டினா, பூட்டைத் தொடாமலே செயினைக் கழட்டி எடுத்துடலாம். கேபினுக்குப் பின்னாடி நிக்குற கம்பி ஃப்ரேம் இருக்கே, அதுதான் சரியான இடம். செயின் அந்தக் கம்பிக்குள்ள புகுந்து வெளிய வரணும். அந்த ஃப்ரேம் நல்லா வெல்டிங் ஆகியிருக்கா, ரெண்டு போல்ட்ல ஆடிட்டு இருக்கான்னு ஒரு தடவை ஆட்டிப் பாருங்க. வண்டி புக் பண்ணும்போதே "கேபின் பின்னாடி கம்பி ஃப்ரேம் இருக்காண்ணே?"ன்னு கேட்டுடுங்க.

2. எதைக் கொண்டு பூட்டுறீங்க? 200 ரூபாய் கேபிள் பூட்டு வேண்டாம். பிளாஸ்டிக் உறைக்குள்ள இருக்குறது மெல்லிய கம்பித் திரி, சின்ன கட்டர் போதும். கடினப்படுத்தின எஃகுச் செயின் வாங்குங்க, கண்ணி நல்லா தடிமனா இருக்கணும். செயின் தடிமனா இருந்து பூட்டு சின்னதா இருந்தாலும் பிரயோஜனம் இல்லை, அவன் பூட்டைத்தான் உடைப்பான்.

3. சைக்கிள்ல எதைச் சுத்திப் போடணும்? சக்கரத்தை இல்லை, ஃப்ரேமை. இப்ப வர்ற பல சைக்கிள்கள்ல சக்கரம் க்விக் ரிலீஸ், ஸ்பேனரே இல்லாம கழட்டலாம். முன் சக்கரத்தை மட்டும் பூட்டினா, சக்கரத்தை உங்களுக்கு விட்டுட்டு மீதியை எடுத்துட்டுப் போயிடுவான். செயின் ஒவ்வொரு சைக்கிளோட ஃப்ரேம் முக்கோணத்துக்குள்ளயும் போய் வரணும். பெயின்ட் உரசாம இருக்க, செயினைப் பழைய டயர் ட்யூப்புக்குள்ள விட்டுடுங்க.

4. எப்படி அடுக்குறது? குட்டி யானையோட தொட்டி சுமார் 7 அடி நீளம், சைக்கிள் நீளவாக்குல நிக்கும். ஒண்ணோட ஹேண்டில்பார் முன்பக்கம்னா அடுத்ததை எதிர்த் திசையில வைங்க. இடமும் மிச்சம், செயின் போடவும் வசதி. நடுவுல பழைய போர்வை, அட்டை ஏதாவது சொருகுங்க. இடிக்குதுன்னா பெடலைக் கழட்டிடலாம். இடது பெடல் மரை தலைகீழா இருக்கும், அதை மறக்காதீங்க. விலை அதிகமான சைக்கிள் கேபின் பக்கம், குறைஞ்சது கதவுப் பக்கம்.

5. கதவோர சைக்கிளுக்கு ரெண்டாவது பூட்டு. மேல சொன்ன க்ளையன்ட் கதைதான் காரணம். அவசரத்துல எடுக்குறவன் கைக்கு எட்டுறதைத்தான் எடுப்பான். கடைசி ரெண்டு சைக்கிளோட ஃப்ரேமையும் சேர்த்து ஒரு யு-லாக் போட்டுட்டா, தனியா இறக்கவே முடியாது.

6. தார்ப்பாய் போடுங்க. உள்ளே என்ன இருக்குன்னு தெரியலைன்னா பாதி ஆபத்து குறைஞ்சுது. லைட், சைக்கிள் கம்ப்யூட்டர், பம்ப், சேடில் பை எல்லாம் கழட்டி கார்ல வச்சுடுங்க.

செலவைப் பார்ப்போம். ரெண்டு நல்ல செயின் 5,000, ரெண்டு கனமான பூட்டு 2,000. அஞ்சு பேர் பிரிச்சா ஆளுக்கு 1,400. உங்களுக்குன்னு ஒரு யு-லாக் 1,500. மொத்தம் 2,900, சைக்கிள் விலையில 5 சதவீதம்கூட இல்லை. அஞ்சு வருஷம் உழைச்சா மாசம் 50 ரூபாய்க்கும் கம்மி. இந்தக் கணக்குல லாபமா நஷ்டமான்னு நீங்களே சொல்லுங்க.

நிறுத்துற இடத்துலதான் ஆபத்து

ஓடுற வண்டியில இருந்து யாரும் திருடப் போறதில்லை. டீ, டிபன், நைட் ஹால்ட், இந்த மூணுதான் கவனிக்க வேண்டிய நேரம்.

வண்டியை ரிவர்ஸ் எடுத்து, பின் கதவு சுவரை ஒட்டுற மாதிரி நிறுத்தச் சொல்லுங்க. கதவு திறக்கவே இடம் இருக்கக் கூடாது. சாப்பிடுற டேபிள்ல இருந்து வண்டி தெரியணும். முறை வச்சு ஒருத்தர் வண்டிகிட்ட நிக்கட்டும். டிரைவர் அண்ணனை மட்டும் நம்பி விடாதீங்க, அவருக்கும் பசிக்கும், அவரும் டீ குடிக்கணும். காவல் காக்குறது அவர் பேசின வாடகையில இல்லை. ராத்திரி லாட்ஜ்ல தங்கினா சைக்கிளை ரூமுக்கு எடுத்துட்டுப் போங்க. ரூம் எடுக்கும்போதே அதைப் பேசிடுங்க.

"ஒருத்தன் பின்னாடியே உட்கார்ந்து வரட்டும்டா"ன்னு ஒரு ஐடியா எல்லா டீம்லயும் வரும். தயவுசெஞ்சு வேண்டாம். சரக்கு வண்டியில ஆள் ஏத்துறது விதிமீறல். விபத்துன்னு வந்தா, சரக்கு வண்டியில சும்மா ஏறி வந்தவருக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லைன்னு உச்ச நீதிமன்றமே தீர்ப்பு சொல்லியிருக்கு. சைக்கிளைக் காப்பாத்த ஆளைப் பணயம் வைக்கிற கணக்கு எந்த ஏட்டுலயும் நேராகாது.

இன்னொண்ணு, போகும்போதே ஸ்டோரி போடாதீங்க. ஸ்ட்ராவா வச்சிருந்தா, ரைடு ஆரம்பிக்கிற, முடியிற இடத்தை மறைக்கிற வசதி அதுல இருக்கு. ஆன் பண்ணிடுங்க. இல்லைன்னா உங்க வீடு எது, சைக்கிள் எதுன்னு ஊருக்கே தெரியும்.

பேப்பர் வேலை: பத்து நிமிஷம்

இன்னைக்கே சைக்கிளைத் தலைகீழாத் திருப்புங்க. பெடல் கட்டைக்கு அடியில, ஃப்ரேம்ல ஒரு நம்பர் பொறிச்சிருக்கும். அதை போட்டோ எடுங்க. கூடவே முழு சைக்கிள் போட்டோ, பில், பணம் கட்டின ஆதாரம். நாலையும் ஒரே ஃபோல்டர்ல போட்டு, உங்களுக்கே ஒரு இமெயில் அனுப்பி வச்சுடுங்க. "நீலக் கலர் கியர் சைக்கிள்"னு புகார் கொடுத்தா யாராலும் தேட முடியாது. ஃப்ரேம் நம்பர் இருந்தாத்தான் கிடைச்ச சைக்கிள் உங்களோடதுன்னு நிரூபிக்க முடியும்.

பழைய சைக்கிள் வாங்குறவங்களும் பில்லையும் ஃப்ரேம் நம்பரையும் ஒத்துப் பாருங்க. திருட்டுப் பொருள்னு தெரிஞ்சு வாங்குறது பாரதிய நியாய சன்ஹிதா 317-ம் பிரிவுல குற்றம். பாதி விலைக்குக் கிடைக்குதுன்னா, ஏன்னு கேளுங்க.

போயிடுச்சுன்னா?

திருட்டு 303-ம் பிரிவுல வரும். ஹைவேயில எந்த ஸ்டேஷன் எல்லைன்னே தெரியாதேன்னு பயப்பட வேண்டாம். 2024 ஜூலை 1-ல இருந்து நடைமுறையில இருக்குற பிஎன்எஸ்எஸ் 173-ம் பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லையில நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷன்லயும் தகவல் கொடுக்கலாம். ஆன்லைன்ல கொடுத்தா 3 நாளுக்குள்ள போய்க் கையெழுத்துப் போடணும். கையில சிஎஸ்ஆர் ரசீது மட்டும் கொடுத்தா அதோட திரும்பிடாதீங்க. அது புகார் வாங்கினதுக்கான ஒப்புகை, எஃப்ஐஆர் இல்லை. இன்ஷூரன்ஸ் இருந்தா அவங்களுக்கும் அன்னைக்கே இமெயில் போடுங்க. க்ளெய்ம்ல எஃப்ஐஆர் நகல் கேட்பாங்க. கடைசியா, 'கண்டுபிடிக்க முடியவில்லை'ங்கிற போலீஸ் சான்றிதழும் கேட்பாங்க. சாப்பிட்ட கடையில கேமரா இருந்தா அன்னைக்கே பதிவை எடுத்து வைக்கச் சொல்லுங்க, நாள் போனா அது அழிஞ்சுடும்.

இஎம்ஐயை மட்டும் கோபத்துல நிறுத்தாதீங்க. கடன் சைக்கிள் மேல இல்லை, உங்க பேர்ல. சைக்கிள் போனதோட கிரெடிட் ஸ்கோரும் சேர்ந்து போகும்.

கிளம்புறதுக்கு முன்னாடி

- ஃப்ரேம் நம்பர், பில், போட்டோ இமெயில்ல இருக்கா?
- செயின் கேபின் ஃப்ரேம்லயும், எல்லா சைக்கிள் ஃப்ரேம்லயும் போய் வந்திருக்கா?
- கதவோர சைக்கிளுக்கு ரெண்டாவது பூட்டு போட்டாச்சா?
- ஆடாம இருக்க பெல்ட் தனியா கட்டியாச்சா?
- தார்ப்பாய்?
- ஒரு சாவி உங்ககிட்ட, இன்னொரு சாவி டீம்ல வேற ஒருத்தர்கிட்ட?
- எந்த ஸ்டாப்ல யார் வண்டிகிட்ட நிக்குறதுன்னு பேசியாச்சா?

இதை உங்க ரைடு குரூப்ல ஷேர் பண்ணுங்க. இன்ஷூரன்ஸ் பாலிசியில எந்த வரியைப் படிக்கணும்னு நம்ம சேனல்லயும் பேசியிருக்கோம், நேரம் இருந்தா பாருங்க. அடுத்த சனிக்கிழமை கிளம்புற டீம், வெள்ளிக்கிழமை சாயங்காலமே அந்தச் செயினை வாங்கிடுங்க. நல்லபடியா போய்ட்டு, சைக்கிளோட திரும்பி வாங்க!