கார் மாறலாம், அமானத் மாறலாகாது



உங்கள் வீட்டு முற்றத்தில் நிற்பது ஒரு பழைய நிஸான் லீஃபா? 2015ஆம் ஆண்டளவில் ஜப்பானில் பாவித்த லீஃப் கார்கள் நம் நாட்டுக்கு ஏராளமாக வந்திறங்கின. 2022இல் பெற்றோலுக்காகப் பலரும் இரவு பகலாக வரிசையில் காத்துக் கிடந்தபோது, அந்தக் கார் வைத்திருந்த குடும்பங்கள் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லிக்கொண்டன. பிள்ளைகளைப் பாடசாலைக்கும் மத்ரஸாவுக்கும் கொண்டுபோய் விட்ட தாய்மாருக்கு அது கைகொடுத்த வாகனம்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரி முதலாம் திகதி மீண்டும் திறந்தது. பீவைடீ அட்டோ 3 போன்ற சீனத் தயாரிப்புகள் வீதியெங்கும் ஓடுகின்றன. "பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுப்போமா?" என்ற பேச்சு பல வீடுகளில் எழுகிறது. வீட்டுச் செலவை அறிந்தவர் நீங்கள். ஆகவே கணக்கையும் நீங்களே பாருங்கள்.

பற்றரிதான் கார்

பெற்றோல் காரை வாங்கும்போது எஞ்சினைப் பார்ப்போம். மின்சாரக் காரில் பார்க்க வேண்டியது பற்றரியை. முதல் தலைமுறை லீஃபின் பற்றரி புதிதில் 24 யூனிட் மின்சாரம் கொள்ளும். அமெரிக்க அரசின் சோதனைக் கணக்குப்படி 2011ஆம் ஆண்டு லீஃப் ஒரு தடவை சார்ஜ் செய்தால் 117 கிலோமீற்றர் ஓடியது. அட்டோ 3இல் பெரிய பற்றரி உள்ள மாதிரி 60 யூனிட்டுக்குச் சற்று மேல் கொள்ளும். ஐரோப்பிய சோதனைக் கணக்கில் அதன் தூரம் 420 கிலோமீற்றர். இரண்டும் வெவ்வேறு சோதனைகள் என்பதால் அப்படியே ஒப்பிடலாகாது. ஏஸி போட்டு, நெரிசலில் ஓடும்போது இரண்டிலுமே குறையும்.

அளவை விட முக்கியமானது வெப்பம். லீஃபின் பற்றரியைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு கிடையாது. சுற்றியுள்ள காற்றை நம்பியே அது இருக்கிறது. சூடான நாடுகளில் அதன் கொள்ளளவு விரைவாகக் குறைந்தது. அமெரிக்காவின் அரிஸோனாவில் 2012இல் உரிமையாளர்கள் முறையிட்ட பிறகே, கொள்ளளவுக் குறைவுக்கும் நிறுவனம் உத்தரவாதம் அறிவித்தது. அட்டோ 3இலோ காரின் குளிரூட்டும் அமைப்பே பற்றரியையும் குளிர்விக்கிறது. அதன் பற்றரி இரும்பு பொஸ்பேற் வகையைச் சேர்ந்தது. அந்த வகை வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும். பல தடவை சார்ஜ் செய்தாலும் நீண்ட நாள் உழைக்கும். நம்முடைய உஷ்ண பூமிக்கு இது பெரிய வித்தியாசம்.

பட்டைகளை எண்ணத் தெரியுமா?

லீஃபின் முகப்புப் பலகையில் சார்ஜ் அளவைக் காட்டும் கோடுகளுக்குப் பக்கத்திலே, ஓரமாகச் சிறிய பட்டைகள் பன்னிரண்டு இருக்கும். அவை பற்றரியின் ஆரோக்கியத்தைக் காட்டுபவை. பதினொரு பட்டை இருந்தால் பன்னிரண்டில் ஒரு பங்குதானே போயிற்று என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு! முதல் பட்டை மறையும்போதே ஏறக்குறைய நூற்றுக்கு 15 வீதம் போய்விடுகிறது. அதன் பிறகு மறையும் ஒவ்வொரு பட்டைக்கும் ஏறத்தாழ 6 வீதம். எட்டுப் பட்டை மட்டும் மீந்திருந்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். அந்தக் காரில் எஞ்சியிருப்பது சுமார் 16 யூனிட். 117 கிலோமீற்றர் ஓடிய கார் எண்பதைத் தாண்டுவதே கஷ்டம்.

உண்மையில் மாற்றம் தேவையா?

உங்கள் அன்றாட ஓட்டம் எவ்வளவு? பாடசாலை, கடை, உம்மா வீடு என்று 30 அல்லது 40 கிலோமீற்றர் என்றால், எட்டுப் பட்டை லீஃபும் போதும். மாதம் ஒருமுறை புத்தளத்துக்கோ கண்டிக்கோ போக வேண்டியிருந்தால்தான் சிக்கல். கொழும்பிலிருந்து கண்டி சுமார் 115 கிலோமீற்றர். அத்துடன் கண்டி ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆட்களோடு 1,700 கிலோ எடையுள்ள காரை அந்த உயரத்துக்கு ஏற்றுவதற்கு மட்டுமே 2 யூனிட்டுக்கு மேல் செலவாகும். திரும்பி இறங்கும்போது அதில் ஒரு பகுதி பற்றரிக்குத் திரும்பும். ஆனால் முதலில் ஏறிச் சேர வேண்டுமே! காத்தான்குடிக்கோ அக்கரைப்பற்றுக்கோ அடிக்கடி போய்வரும் குடும்பத்துக்குப் பெரிய பற்றரி ஆடம்பரமல்ல, அது தேவை.

புதிய கார் வந்தால் கரண்ட் பில் குறையும் என்பதும் தப்புக் கணக்கு. இரண்டு கார்களுமே 100 கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 15 முதல் 18 யூனிட் வரை எடுப்பவை. நாளொன்றுக்கு 40 கிலோமீற்றர் என்றால் 6 அல்லது 7 யூனிட். எந்தக் கார் நின்றாலும் மாத பில்லில் அது அப்படியே ஏறும். இரவு 10.30 முதல் அதிகாலை 5.30 வரை கட்டணம் குறைந்த திட்டம் ஒன்று உண்டு. உங்கள் வீட்டு இணைப்புக்கு அது கிடைக்குமா என்று மின்சார அலுவலகத்தில் விசாரியுங்கள்.

அயல்வீட்டு முற்றத்தில் புதிய கார் நிற்பது நாம் மாற்றுவதற்குக் காரணமாகாது. தேவையில்லாத செலவு வீண்விரயம் என்பதை நமது மார்க்கம் நன்கு கற்றுத் தந்திருக்கிறது. கடன் எடுத்தே தீர வேண்டுமென்றால் வட்டியில்லா இஜாரா முறையில் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். ஒப்பந்தத்தை வாசிக்காமல் கையெழுத்திட வேண்டாம்.

வாங்குமுன் அளந்து பாருங்கள்

முதலாவது, பிளக். ஜப்பானிலிருந்து வந்த லீஃபுக்கு வீட்டில் செருகும் பிளக் ஒரு வகை, அட்டோ 3க்கு வேறு வகை. பழைய சார்ஜர் வயர் புதிய காருக்குப் பொருந்தாது. விரைவாகச் சார்ஜ் செய்யும் நிலையங்களிலும் அப்படியே. லீஃப் பாவிப்பது 'சாடெமோ' என்ற ஜப்பானிய முறை. ஜப்பானிய மொழியில், சார்ஜ் ஆகும் நேரத்தில் தேநீர் அருந்தலாமே என்ற அழைப்பையும் நினைவூட்டும் பெயர் அது! அட்டோ 3 பாவிப்பது ஐரோப்பிய முறை. நீங்கள் வழக்கமாகப் போகும் பாதையில் எந்த வகை நிலையம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, வீட்டு வயரிங். பெரிய பற்றரிக்குப் பெரிய சார்ஜர் வேண்டும் என்று கட்டாயமில்லை. சாதாரண மூன்று முள் பிளக்கில் 10 அம்பியர் ஓடினால் மணிக்கு 2.3 யூனிட் ஏறும். ஏழு மணி நேரத்தில் 16 யூனிட். 90 கிலோமீற்றர் ஓட அது போதும். ஆனால் அந்தப் பிளக்குக்குத் தனி வயர் இழுத்து, எர்த்தும் டிரிப் சுவிட்சும் சரிதானா என்று தேர்ந்த மின்வேலைக்காரர் ஒருவரைக் கொண்டு பரிசோதியுங்கள். நீட்டிப்பு வயரில் சார்ஜ் செய்வது நெருப்போடு விளையாடுவது.

மூன்றாவது, கேற். இரண்டு கார்களும் நீளத்தில் ஏறத்தாழ ஒன்றுதான். அகலத்தில் அட்டோ 3 சுமார் 10 சென்றிமீற்றர் கூடுதல். ஒடுங்கிய ஒழுங்கையில் வீடு என்றால் பணம் கட்டுமுன் நாடாவால் அளந்து பாருங்கள்.

நான்காவது, மின்வெட்டு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் கரண்ட் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். அட்டோ 3 போன்ற கார்களிலிருந்து ஒரு வயரை எடுத்து மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி போன்றவற்றை ஓட்டலாம். மாதிரிக்கு மாதிரி இந்த வசதி மாறும் என்பதால் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

விற்கும்போது

இனித்தான் முக்கியமான விடயம். புதியதை வாங்குவதற்காகப் பழையதை விற்பீர்கள். வாங்க வருபவர் யார்? பெரும்பாலும் உங்களை விட வருமானம் குறைந்த ஒரு குடும்பம். பெற்றோல் செலவு தாங்காமல் சேமிப்பையோ நகையையோ பணமாக்கிக்கொண்டு வருபவர்கள். பட்டை என்றால் என்னவென்றே அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

பட்டைகளைச் செயற்கையாக நிரப்பிக் காட்டும் தந்திரமும் இருக்கிறது. காரின் கணினியில் உள்ள பழைய கணக்கை அழித்துவிட்டால் பட்டைகள் மீண்டும் முழுதாகத் தெரியும். சில வாரங்கள் ஓடிய பின் ஒவ்வொன்றாக மறைந்து உண்மை வெளியாகும். அதற்குள் பணம் கைமாறியிருக்கும்.

சந்தையில் தானியக் குவியலொன்றுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அவர்கள் கேட்டார்கள். ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள். லீஃபின் பற்றரியும் அத்தகைய குவியல்தான். மேலே பார்த்தால் பளபளப்பான கார். ஈரம் இருப்பது உள்ளே.

ஆகவே விற்குமுன் பற்றரியைப் பரிசோதியுங்கள். 'லீஃப் ஸ்பை' என்ற கைபேசிச் செயலியையும் காரில் செருகும் ஒரு சிறிய கருவியையும் கொண்டு, பற்றரியில் நூற்றுக்கு எத்தனை வீதம் எஞ்சியிருக்கிறது என்று அறியலாம். அந்த அளவை எழுதி, வாங்குபவரிடம் கொடுங்கள். ஏஸி போட்டு எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். நாளொன்றுக்கு 30 கிலோமீற்றர் ஓடும் குடும்பத்துக்கு அந்தக் கார் இன்னும் நல்ல கார்தான். தூரப் பயணக்காரருக்கு அது ஏற்றதல்ல என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

உண்மையைச் சொன்னால் விலை குறையலாம். வீட்டில் கணவரோ மகனோ, "அதையெல்லாம் ஏன் சொல்ல வேண்டும்?" என்று கேட்கலாம். அப்போது அந்தத் தானியக் குவியலை நினைவூட்டுபவர் நீங்களாக இருங்கள். குறைந்த விலையில் வந்த ஹலாலான பணத்தில் பரகத் உண்டு. அந்தப் பணத்தைக் கொண்டு வாங்கும் புதிய காரில்தானே உங்கள் பிள்ளைகள் ஏறப் போகிறார்கள்!